ஐந்தாம் படியில் ஒரு வாஷிங் மெஷின்

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் பதினாறு வருடங்களாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு கேள்வியை முழுதாகக் கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கண்ணாடியில் அரைவட்டமாக வெட்டிய துளைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் குனியும். "துறைமுகத்துக்கு..." என்று ஆரம்பிக்கும். "நாலாம் மேடை, பத்து இருபது" என்று அவள் முடிப்பாள். முகம் போய்விடும், அடுத்த முகம் வரும். நன்றி சொல்ல நின்றால் பின்னால் இருப்பவர் முதுகில் இடிப்பார் என்பதால் யாரும் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் அவள் என்கொயரி அக்கா. ஜன்னலுக்கு வெளியே எங்கேயாவது எதிர்ப்பட்டால் பாதிப் பேருக்கு அவளை அடையாளம் தெரியாது. அரைவட்டத்துக்குள் அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு வாய்தான்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் "இந்த..." என்று வாயெடுக்கும்போதே "அலமாரி மேல் தட்டு" என்பாள். மூக்குக் கண்ணாடி அங்கேதான் இருக்கும்.

கணவர் ஒரு பெயின்ட் கடையில் விற்பனையாளர். அட்டையில் பார்க்கும் நிறமும் சுவரில் வரும் நிறமும் ஒன்றுதான் என்று பகலெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு உறுதி சொல்வார். இரவு எட்டு மணிக்கு அதே உறுதியோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து 'பத்தாம் படி' நிகழ்ச்சியின் கேள்விகளுக்கு உரத்த குரலில் விடை சொல்வார். பத்துக் கேள்வி, பத்துப் படி. பத்தாம் படியில் ஒரு வீடு. ஐந்தாம் படியில் ஒரு வாஷிங் மெஷின். வழியில் தவறினால் நிகழ்ச்சியின் சின்னம் போட்ட ஒரு சுவர்க் கடிகாரம். கணவர் இத்தனை நாளும் சொன்ன விடைகளுக்கு வீடு முழுக்கக் கடிகாரமாகவே மாட்டியிருக்கலாம்.

அந்த நேரத்தில் அவள் பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருப்பாள். வீட்டில் ஐந்து பேர். வலது மணிக்கட்டில் ஒரு வருடமாக வலி. ஈரத் துணியைப் பிழியக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைத் துணிகளிடம் யார் காட்டுவது என்று எழுதவில்லை. போர்வையின் மறு முனையைப் பிடிக்க நாத்தனார் வருவாள். முன்னறையில் தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அண்ணி வாய்க்குள் விடையை முணுமுணுப்பதையும், பத்து நிமிடம் கழித்து அதுவே சரி என்று அறிவிக்கப்படுவதையும் அவள்தான் கவனித்தாள். கவனித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆளில்லை அவள். அண்ணியின் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டு, அழைப்புக் கடிதம் வந்தபிறகு சொன்னாள்.

அண்ணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஐந்தாம் படி நினைவுக்கு வந்தது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள்.

*

தொலைக்காட்சி நிறுவனத்தில் கதைப் பிரிவின் மேலாளர் மென்மையான குரலுடைய ஒரு பெண்மணி. உட்காரச் சொன்னதும் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். வாழ்க்கையில் மறக்கவே முடியாத சோகம் எது என்று கேட்டார்.

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றாள் அவள், மேலாளர் 'எது' என்பதை முடிக்கும் முன்பே.

மேலாளரின் பேனா நின்றது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லலாம் என்றார். அப்பா? எண்பத்து மூன்று வயதில், செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுப் போனார். கணவர் குடிப்பாரா? பெயின்ட் வாசனைக்கே தலை சுற்றும் என்பார். பிள்ளைகள் மதிப்பதில்லையா? மதிப்பதில்லைதான், ஆனால் அந்தத் தெருவில் யார் பிள்ளையும் யாரையும் மதிப்பதில்லை. மேலாளர் வருத்தத்தோடு அடுத்த தாளைப் புரட்டினார். வீடு கிடைத்தால் என்ன செய்வீர்கள், உங்கள் கனவு என்ன என்று அதில் இருந்தது.

"வீடு வேண்டாங்க. அஞ்சாம் படி போதும். வாஷிங் மெஷின்."

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. போதும்னு ஒரு போட்டியாளர் சொன்னா, பார்க்கிறவங்களுக்கும் போதும்னு தோணிடும். அப்புறம் நடுவுல வர்ற விளம்பரத்தை எதுக்காகப் பார்ப்பாங்க? நாங்க மக்களுக்கு நம்பிக்கை குடுக்கிறவங்க. அவங்ககிட்ட இருக்கிறது பத்தாதுங்கிற நம்பிக்கை."

அது தவறு என்று அவளுக்குத் தோன்றியது. என்ன தவறு என்று யோசிப்பதற்குள் மேலாளர் மணிக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது. வலி இரண்டு கைகளுக்கும் வர வாய்ப்பிருக்கிறதா என்று விசாரித்தார். வலது கைதான் என்றாள். 'தற்போதைக்கு வலது' என்று குறித்துக்கொண்டார். பொய் எதுவும் காட்டமாட்டோம், இருப்பதைக் கொஞ்சம் வெளிச்சத்தில் வைப்போம், அவ்வளவுதான் என்றார்.

பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து. பதினேழாம் பிரிவின்படி, போட்டியாளரின் கண்ணீர் படப்பிடிப்பு வளாகத்துக்குள் சிந்தப்பட்டால் அது நிறுவனத்தின் உடைமை.

வெளிச்சத்தில் வைக்க அடுத்த வாரம் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். பின்கட்டில் கிடந்த துணி வெளிச்சத்துக்குப் போதவில்லை. மாடிவீட்டில் இரவல் கேட்டார்கள். மாடிவீட்டுக்காரர்கள் சந்தோஷமாக ஜன்னல் திரைகள்வரை கழற்றிக் கொடுத்தார்கள். நனைத்தபிறகு துவைக்காமல் இருக்க முடியுமா? படம் பிடித்து முடித்து அவர்கள் போனபின்பும் அவள் இருட்டும்வரை துவைத்தாள். கணக்குப் பார்த்தால் ஒரு வாஷிங் மெஷினுக்காக எட்டு நாள் துணி. மறுநாள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதைப் பிரிவுக்கு இந்தச் செய்தி எட்டியபோது, இது முன்பே நடந்திருக்கக் கூடாதா என்று வருந்தினார்களாம்.

கணவரையும் அழச் சொல்லிப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமிதம் மட்டும்தான் வந்தது. நாத்தனார் காரணமே இல்லாமல் பிரமாதமாக அழுதாள். ஆனால் உறவு தூரம் என்று அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அவமானத்தில் அவள் நிஜமாகவே அழுதபோது கேமராவை மூடிவிட்டிருந்தார்கள்.

*

ஒத்திகையில்தான் பிரச்சினை வெடித்தது.

தொகுப்பாளர் இடத்தில் ஒரு உதவியாளர் நின்று படித்தார். "சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும்..."

"பாதரசம்."

"உலகின் மிகப் பெரிய..."

"பசிபிக்."

ஒத்திகைக்கு வைத்திருந்த ஐந்து கேள்விகளும் ஐம்பத்திரண்டு நொடியில் முடிந்தன. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு கையிலும் இரண்டு செல்பேசி இருந்ததால் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டன. யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"மேடம், உங்களுக்குத் தெரியறது தப்பில்லை" என்றார் கடைசியில். "ஆனா தெரியும்கிறது உடனே வெளியில தெரியக் கூடாது. ஒரு மணி நேர நிகழ்ச்சி. அறிவு மேல எங்களுக்கு அவ்வளவு மரியாதை, அதனாலதான் அதை ரொம்பச் சிக்கனமா செலவு பண்றோம். நீங்க பாட்டுக்கு அள்ளி வீசினா மீதி நேரத்துக்கு நான் என்ன காட்டறது? வீட்டுல இருக்கிறவருக்கு விடை வேண்டாம், மேடம். விடைக்கு முன்னாடி இருக்கு பாருங்க, அந்த இடம்தான் வேணும். அங்க அவரும் உங்களோட சமமா உக்காந்திருப்பாரு. விடை வந்துட்டா நீங்க மேல போயிடுவீங்க, அவரு சோபாவுலயே கிடப்பாரு."

அவளுக்குத் தன் கணவர் நினைவு வந்தது.

தயக்கப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். முன்னாள் நாடக நடிகர். முப்பது வருடம் மேடையில் வசனம் மறந்துபோய் நின்ற அனுபவத்தை இப்போது கல்வியாக மாற்றியிருந்தார். கண் தயக்கம், உதட்டுத் தயக்கம், மூச்சுத் தயக்கம் என்று மூன்று. கண் மேலே போக வேண்டும், ஆனால் உத்தரத்தைப் பார்க்கக் கூடாது. உதட்டை ஈரமாக்கலாம், கடிக்கக் கூடாது. கடிப்பது ஒன்பதாம் படிக்கு மேல். மூச்சை உள்ளே இழுத்து, விடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சொல்லாமல் விட்டுவிட வேண்டும். வீட்டுப்பாடமும் கொடுத்தார். தினசரி ஐம்பது முறை, நிஜமான கேள்விகளுக்கு.

நிஜமான கேள்விகள் அவளுக்கு ஒரே இடத்தில்தான் கிடைத்தன.

மறுநாள் காலை முதல் முகம் குனிந்து, "பழைய சந்தைக்கு..." என்றது. அவள் கண்களை மேலே உருட்டினாள். உதட்டை ஈரமாக்கினாள். "பழைய சந்தை..." என்று மூச்சை இழுத்தாள். அந்த ஆள் பயந்துபோய், உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டான். "ஆறாம் மேடையா... இல்லை ஏழா..." என்று அவள் சொல்லி முடிக்கும்போது ஆறாம் மேடையிலிருந்து பழைய சந்தை பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள் ஒன்பது பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். நிலைய மேற்பார்வையாளர் புகார்ப் புத்தகத்தோடு வந்தார். ஆனால் மூன்றாம் நாள் வேறொன்று நடந்தது. வரிசையில் நின்றவர்கள் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அஞ்சுதான், அஞ்சுன்னு சொல்லுக்கா" என்று ஒருவர் தூண்டினார். "சும்மா இருங்க, அவங்களே சொல்லட்டும்" என்று இன்னொருவர் அடக்கினார். அவள் ஐந்து என்றதும் வரிசை முழுதும் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். போகவேண்டியவர் போகாமல் ஓரமாக நின்று அடுத்தவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார். புகார் விசாரிக்க வந்த மேற்பார்வையாளரும் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அவள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பதினாறு வருடமாக லட்சக்கணக்கான முறை சரியாகச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இன்று தெரியாதவள் போல நின்றாள், அத்தனை பேரும் குனிந்து, கண்ணாடியில் மூச்சு படிய, அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி "உங்களுக்கு மூக்குத்திகூட இருக்கா" என்று கேட்டாள். சரியாக இருப்பவளிடம் எவருக்கும் வேலையில்லை போலும். தடுமாறினால்தான் கூட வருகிறார்கள். இது தன்னைப் பற்றிய விஷயமா அவர்களைப் பற்றியதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால், வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் துணியை ஊறவைக்கப் போனாள்.

*

படப்பிடிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்கே கைதட்டலை எடுத்துவிட்டார்கள். பார்வையாளர்கள் எண்பது பேர், தினக்கூலி. ஒப்பந்தக்காரர் ஒருவர் கூட்டி வந்து, ஆளுக்கொரு பன் கொடுத்து, செல்பேசிகளை வாங்கிச் சாக்கில் கட்டிவைத்தார். கைதட்டல் மேற்பார்வையாளர் சின்னக் குச்சியை ஆட்ட, முதலில் பெரிய தட்டல், பிறகு மிதமான தட்டல், பிறகு திகைப்பு, கடைசியில் அனுதாபம் எல்லாம் பதிவாகின. எதைப் பார்த்துத் திகைக்கிறோம் என்று மூன்றாம் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டபோது, அது மதியம்தான் தெரியும் என்றார்கள்.

தொகுப்பாளர் பக்கத்தில் பார்க்கும்போது மாவு பூசிய, களைத்த, நல்ல மனிதர். விளக்கு எரிந்தால் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. அணைந்தால் கொட்டாவி வந்தது. இடைவேளையில் அவளிடம் அன்பாகச் சொன்னார்: "எனக்கு ஒரு விடையும் தெரியாதும்மா. என் திரையில எது பச்சையா எரியுதோ அதுதான் சரி. பன்னிரண்டு வருஷமா உறுதியா, உறுதியான்னு கேட்டுக் கேட்டு, இப்ப வீட்டுல டீ கொண்டு வந்து வச்சாக்கூடக் கேட்டுடறேன்."

நான்கு படிகள் ஒழுங்காக நடந்தன. கண், உதடு, மூச்சு. ஓரமாக நின்ற பயிற்சியாளர் பரவசத்தில் கைக்குட்டையைப் பிசைந்தார். மேடைக்கு இடதுபுறம், ரிப்பன் கட்டி, நீல வெளிச்சத்தில் வாஷிங் மெஷின் நின்றது. அதன் வட்டக் கண்ணாடி அவள் ஜன்னலின் துளையைவிடப் பெரியது. முதல் வரிசையில் கணவரும் நாத்தனாரும் இருந்தார்கள். கணவர் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஐந்தாம் கேள்வி. "ஒரு நாளுக்கு எத்தனை நிமிடங்கள்?" ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஆயிரத்து நானூற்று நாற்பது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது. இரண்டாயிரத்து நானூறு.

கால அட்டவணையோடு வாழ்பவளிடம் இதைக் கேட்பது அவள் பெயரைக் கேட்பது மாதிரி. அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டு கண்களை மேலே கொண்டுபோனாள். தயங்கித் தயங்கி, "ஆயிரத்து நானூ..." வரை வந்து மூச்சை விட்டாள்.

"உறுதியா?" என்றார் தொகுப்பாளர். இசை ஒரு முறை இடித்தது. "உறுதியா?" மறுபடி இடித்தது. "உங்க மணிக்கட்டு மேல ஆணையா... உறுதியா? ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு."

வெளிச்சக்காரர்கள் ஏணியோடு வந்தார்கள். ஏதோ ஒரு விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் மட்டும் அப்படியே, கை வாயருகே, கண் மேலே, அசையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சி ஒட்டாது என்றார்கள். இரண்டு நிமிடம்தான் என்றார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

தெரியாதவள் போன்ற முகத்தை ஒருவர் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருக்க முடியும்? ஐந்து நிமிடம் அது முகத்தில் இருந்தது. பிறகு மெல்ல உள்ளே இறங்கியது. ஆயிரத்து நானூற்று நாற்பது. ஏன் அப்படி? இருபத்து நாலை அறுபதால் பெருக்கினால் வருகிறது. வருகிறதா? ஆறு நாலு இருபத்து நாலு. அந்த இருபத்து நாலு வேறு, இந்த இருபத்து நாலு வேறு. அவள் மறுபடி பெருக்கினாள், ஆயிரத்து இருநூற்று நாற்பது வந்தது. இன்னொரு முறை பெருக்கினாள், கணவரின் குரலில் இரண்டாயிரத்து நானூறு வந்தது. ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று அவள் உட்கார்ந்து நினைத்துப் பார்த்ததே இல்லை. எழுந்ததும் கையிலெடுத்துச் செலவழித்திருக்கிறாள், அவ்வளவுதான். நீல வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி வட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வைகள், துண்டுகள், இரண்டு பிள்ளைகளின் கனத்த கால்சட்டைகள். ஒரு சொல் தவறினால் அத்தனையும் திரும்பி அவள் கைக்கே வரும். கழுத்து வியர்த்தது. நிஜமாகவே தெரியவில்லை. பயிற்சி இத்தனை நன்றாகப் பலித்ததில் பயிற்சியாளர் மட்டும் கண் கலங்கி நின்றார்.

விளக்கு எரிந்தது. தொகுப்பாளர் அடிவயிற்றிலிருந்து, "உங்கள் விடை?" என்றார்.

அவள் வாய் திறந்தது. எதுவும் வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில் மூன்றாம் வரிசைப் பெண்ணுக்கு மட்டும் வேறு கவலை. அரங்கில் கடிகாரம் கிடையாது, செல்பேசி சாக்கில் இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும். மேடையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். எழுந்து நின்று, வரிசையில் நிற்பவளைப் போலவே கேட்டாள்:

"என்கொயரி அக்கா, மலையடிவாரத்துக்கு ஆறு நாப்பதை விட்டா..."

"ஏழு பத்து, எட்டாம் மேடை. ஆயிரத்து நானூத்தி நாப்பது" என்றாள் அவள், ஒரே மூச்சில்.

தொகுப்பாளரின் திரையில் பச்சை எரிந்தது. அவரும் பழக்கதோஷத்தில் "சரியான விடை" என்றுவிட்டார்.

இயக்குநர் ஓடிவந்தார். விடை சரி, முறை தவறு என்றார். இன்னொரு முறை எடுக்க வேண்டும், இந்த முறை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு ஆறாம் படிக்கு...

"நான் இதோட நிறுத்திக்கறேங்க" என்றாள் அவள்.

ஏறிய படியின் பரிசோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை விதிகளில் இருந்தது. அழகுக்காக வைத்திருந்தார்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. கதைப் பிரிவு மேலாளர் மேடையேறி வந்து, அப்படியானால் உங்கள் கனவு என்ன ஆவது என்று கலங்கிய குரலில் கேட்டார். அவள் மெஷினைக் காட்டி, "அதோ நிக்குது" என்றாள். ஜெயித்தவர்களுக்கு ஒரு இசையும் தோற்றவர்களுக்கு ஒரு இசையும் இருந்தன. போதும் என்றவர்களுக்கான இசையை யாரும் செய்து வைத்திருக்கவில்லை. எந்தத் தட்டலைக் கேட்பது என்று மேற்பார்வையாளர் குச்சியோடு விழித்தபோது, எண்பது பேரும் தாமாகவே தட்டினார்கள். தாளம் சேராமல், ஆளுக்கொரு வேகத்தில், சிலர் சிரித்துக்கொண்டு. அது பயன்படாது என்று பின்னால் எடுத்துவிட்டு, காலையில் பதிவான மிதமான தட்டலைச் சேர்த்தார்கள்.

இயக்குநருக்கும் கடைசியில் நஷ்டமில்லை. அந்த இருபத்தைந்து நிமிடமும் ஒரு கேமராவை அணைக்க மறந்திருந்தார்கள். பதிவைப் போட்டுப் பார்த்தவர் இரண்டு செல்பேசிகளையும் கீழே வைத்துவிட்டாராம்.

*

நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன்பே மெஷின் வந்துவிட்டது. பின்கட்டில் வைத்தார்கள். வேலை முடிந்தால் அது சின்னதாக ஒரு ராகம் பாடும். பாடி நிறுத்தினால் உடனே துணியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் மணிக்கட்டின் வீக்கம் வடிந்துவிட்டது. ஜன்னலில் மறுபடி பழைய வேகத்தில் விடை சொன்னாள். இரண்டு நாள் வரிசைக்கு அது ஏமாற்றமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மலையடிவாரத்துப் பெண் மட்டும் பஸ் நேரம் தெரிந்துகொண்டே தினமும் வந்து குனிந்து கேட்டுவிட்டுப் போனாள்.

ஒளிபரப்பு நாளில் மாடிவீட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல் திரையைத் திரையில் பார்க்க வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவள் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு, கதவோரம் நின்றாள். ஐந்தாம் கேள்வி வந்தது. ஒட்டியும் வெட்டியும் அந்தத் தயக்கத்தைப் பதினோரு நிமிடமாக்கியிருந்தார்கள். கண் மேலே போனது. கழுத்தில் ஒரு துளி வியர்வை இறங்கியது. வயலின் அழுதது. துணி மலை வந்து போனது. திரும்பவும் அந்த முகம்.

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது" என்று கணவர் சோபா நுனிக்கு வந்து கத்தினார். முதல் வரிசையில் உட்கார்ந்து விடையைக் காதால் கேட்டவர் அவர். "நீங்க வாயை மூடுங்கண்ணா, அண்ணியைக் குழப்பாதீங்க" என்று நாத்தனார் அவர் தோளில் அடித்தாள். மாடிவீட்டு அம்மாள் கண்களை மூடிக்கொண்டாள்.

பின்கட்டில் மெஷின் ராகம் பாடியது.

"மெஷின் கூப்பிடுது" என்றான் மகன்.

"இருடா" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். தன் மணிக்கட்டைத் தானே இறுகப் பிடித்திருந்தாள். துணி சுருங்கினால் சுருங்கட்டும். பாவம், அந்தப் பெண்ணுக்கு மெஷின் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் எப்படிப் போவது?